ஒன்பது மணிக்குக் காத்திருந்தவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் நான் தரைத்தளத்துக்காரி. நான்கு வாரத்துக்கு.

மூன்றாம் மாடியில் டெவலப்பர்கள் நாங்கள் புரோகிராம் கோடு எழுதுகிறோம். தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஆப்பரேஷன்ஸ் ஆட்கள் மூன்று பேர். நாங்கள் எழுதியதை விழாமல் ஓட்டுவது அவர்கள் வேலை. எங்கள் 'பந்தக்கால்' இணையதளத்தில்தான் திருச்சி, தஞ்சாவூர், பெரம்பலூர்ப் பக்கத்து முந்நூற்றுச் சொச்சம் கல்யாண மண்டபங்களுக்குப் பதிவு நடக்கிறது. ஆனி மாதத்தில் இரண்டு முறை தளம் படுத்துவிட்டது. சர்வரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொன்னோம். கோடில் கோளாறு என்று அவர்கள் சொன்னார்கள். முதலாளி கோதண்டம் சாருக்குப் பொறுமை போய்விட்டது.

"இளவெயினி, நீ போய்க் கீழ உக்காரு. யாரால படுக்குதுன்னு பாரு. மாசக் கடைசியில எனக்கு ஒரே ஒரு பேரை எழுதிக் குடு. இன்னொரு தடவை படுத்துச்சுன்னா கீழ இருக்கிற மூணு பேரையும் அனுப்பிட்டு வேலைய வெளிக் கம்பெனிக்கு விட்டுருவேன்."

வெளிக் கம்பெனியின் ஒப்பந்தம் அவர் மேசையிலேயே கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

துப்பறிகிற வேலை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். தவிர, பணம் கட்டும் பக்கத்தை எழுதியவளே நான்தான். இந்தத் தளத்தை என்னைவிடத் தெரிந்தவர் யார்?

ஸ்கூட்டரின் பின் பிரேக் கீச்சென்று கத்துகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கீழே பொறுப்பாளர் செலின் மேரி. பாலக்கரைக்காரர். வயதில் என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம்.

"வாங்க மேடம். பேர் எழுத வந்திருக்கீங்களாம்ல. என் பேரு ரொம்பச் சின்னது. சீக்கிரம் எழுதிரலாம்."

மற்ற இரண்டு பேரும் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு ஒரு கால் ஆடுகிற நாற்காலி கொடுத்தார்கள்.

செலினிடம் ஒரு விசித்திரமான பழக்கம். ஏழு மணிக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் நகைக்கடைக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்கிறார். புதிய தாளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கிறார். பிறகு இடது உள்ளங்கையில் பேனாவால் ஒரு எண்ணை எழுதிக்கொள்கிறார். அடியில் பொன்மொழி போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரே கிடையாது. அப்பா பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே கருப்புச் சட்டைக்காரர். மனுஷனுக்குத் தேதி தெரிந்தால் போதும் என்பார்.

சாயங்காலம் நாலரைக்குத் தளம் ஒரு நிமிடம் திணறியது. பக்கம் திறக்க ஒன்பது விநாடி. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. குறித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று திணறல் பகல் ஒன்றரைக்கு. இன்று மூன்று மணிக்கு. முந்தாநாள் நாலரை. எதற்கு இப்படி நேரம் மாறி மாறி வருகிறது? ஆடி மாதம், ஈ ஓட்டுகிற அளவுக்குத்தான் கூட்டம். அப்போதே இந்த விக்கல் என்றால் ஆவணியில் என்ன ஆகும்?

எனக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. புது நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன்.

மேலேயிருந்து ரியாஸ் போன் செய்தான். என் டீம் பையன்தான், வாய் ஜாஸ்தி. "என்னக்கா, கீழ காத்து எப்படி?" என்று ஆரம்பித்துப் பழைய கதை ஒன்றை எடுத்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மீட்டிங்கில் கீழ்த்தளத்து ஆள் யாரோ எழுந்து நல்ல நேரம், கெட்ட நேரம் என்று ஏதோ ஆரம்பித்தார்களாம். "அப்ப சர்வருக்கு எலுமிச்சம்பழம் கட்டித் தொங்க விட்டுரலாமா?" என்று நான் கேட்டேனாம். அறையே விழுந்து விழுந்து சிரித்ததாம். எனக்கு மறந்தே போயிருந்தது. நல்ல பதில்தான்.

ஆகஸ்ட் 9, சனி

நோட்டில் இதுவரை: செவ்வாய் 4.30, புதன் 1.30, வியாழன் 3.00, வெள்ளி 12.00, சனி 10.30.

வங்கிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். வங்கி என்றால் தினமும் ஒரே நேரத்தில் வர வேண்டும். அடுத்து லிஃப்ட் மேல் சந்தேகம் வந்தது. லிஃப்ட் ஓடும்போது மின்சாரம் ஏறி இறங்குமே! வாட்ச்மேனிடம் லிஃப்ட் எப்போதெல்லாம் ஓடுகிறது என்று குறித்துத் தரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. ஆனால் எப்போதும் முழு மணியிலோ அரை மணியிலோ கச்சிதமாக வருகிறதே, அது எப்படி? இயந்திரக் கோளாறுக்கு இவ்வளவு ஒழுக்கம் இருக்காது. இதில் ஒரு மனிதக் கை இருக்கிறது.

துணி துவைக்க வேண்டும். மழை வரும்போல இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

சர்வரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும். இன்று திணறல் காலை ஒன்பதுக்கு. எட்டு ஐம்பதுக்கு செலின் உள்ளே போயிருக்கிறார். பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒவ்வொரு திணறலுக்கும் சரியாகப் பத்து நிமிடம் முன்பு செலின். ஒருநாள்கூடத் தப்பவில்லை. போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தைய வருஷமும் அப்படித்தான். கூடுதல் சர்வர் ஒன்றைப் போடுகிறார், எதையெதையோ அணைக்கிறார், பிறகு தளம் திணறுகிறது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தினமும் நோண்டினால் அது விக்காமல் என்ன செய்யும்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேராகவே கேட்டுவிட்டேன். "தினமும் பத்து நிமிஷம் முன்னாடி உள்ள போய் என்ன செய்றீங்க?"

செலின் டிபன் பாக்ஸை மூடினார். "முன்னாடி சொல்லிப் பாத்தேன் மேடம். சிரிச்சாங்க. அதுலேர்ந்து சொல்றதில்ல. செய்றதோட சரி."

"யார் சிரிச்சா?"

"எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மழுப்புகிறார். ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்?

ஆகஸ்ட் 14, வியாழன்

கோதண்டம் சாரிடம் ஒரு சோதனை சொன்னேன். திங்கட்கிழமை காலை முதல் செலின் சர்வரில் கை வைக்கக் கூடாது. அவர் தொடாமல் தளம் ஒழுங்காக ஓடினால் காரணம் யார் என்று விளங்கிவிடும். சார் உடனே சரி என்றார். செலினின் பாஸ்வேர்டு திங்கள் காலை ஆறு மணிக்கு நிறுத்தப்படும்.

நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளங்கையில் இருந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழம வேணாம் மேடம். ஆவணி பொறந்து மொதத் திங்கள். அன்னிக்குத்தான் மண்டபம் புடிக்க எல்லாரும் உக்காருவாங்க. ஒரு வாரம் கழிச்சு வச்சுக்கங்க."

பயப்படுகிறார் என்று தோன்றியது. தேதியை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பிரேக் மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பெயர் என்ற இடத்தில் 'செலின் மேரி' என்று எழுதினேன். நாளை காலை சோதனை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எட்டே முக்காலுக்கு நாலு பேரும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். சர்வர் சுமையைக் காட்டும் கிராஃப் ஏழரையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. எட்டு ஐம்பதுக்கு செலினின் கை தன்னாலே கீபோர்டுப் பக்கம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது மணிக்குக் கிராஃப் செங்குத்தாக எழுந்தது. ஒன்பது நாலுக்குத் தளம் படுத்துவிட்டது. பாஸ்வேர்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்து, செலின் அதை எழுப்பி நிற்க வைக்க நாற்பத்தேழு நிமிடம் ஆனது.

மூன்று போன்களும் விடாமல் அடித்தன. அவர்கள் மூன்று பேரும் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் ஒன்றை நான் எடுத்தேன். ஏழு வருஷமாக இந்தத் தளத்துக்குக் கோடு எழுதுகிறேன். அதைப் பயன்படுத்துகிறவரோடு பேசியது இதுதான் முதல்முறை.

"பந்தக்கால்ங்களா? துறையூர்லேர்ந்து வீரமலை பேசுறேம்மா. மண்டபம் போயிருச்சாம்மா? பொண்ணு கல்யாணம். ஏழரைக்கே எடுத்து வச்சிட்டேன். பணம் கட்டுற பக்கம் வரைக்கும் வந்துட்டேன்."

"ஏழரைக்கே எடுத்துட்டீங்களா? அப்புறம் ஏங்க உடனே கட்டல?"

"ஒம்பது ஆவணும்லம்மா."

"ஏன் ஒன்பது?"

இந்தப் பெண் எந்த ஊர் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். "ராகு காலம்மா. திங்கக்கிழமை ஏழரை ஒம்பது. மக கல்யாணத்துக்கு ராகு காலத்துல அட்வான்ஸ் குடுப்பேனா?"

நான் போனை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனேன். தாளின் அடியில் பொன்மொழி எதுவும் இல்லை. ராகு காலம் 7.30 – 9.00. அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தேன். செவ்வாய் 3.00 – 4.30. புதன் 12.00 – 1.30. வியாழன் 1.30 – 3.00. ஒவ்வொன்றின் முடிவும் என் நோட்டில், என் கையெழுத்தில் இருந்தது.

ஒரு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தால் அதை வேறு யாரும் எடுக்காதபடி நான் எழுதிய பணம் கட்டும் பக்கம் பூட்டுப் போடும். பிறகு இரண்டு விநாடிக்கு ஒருமுறை, பணம் வந்ததா, பணம் வந்ததா என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தேர்ந்தெடுத்தவர் இரண்டு மூன்று நிமிடத்தில் கட்டிவிடுவார் என்று நினைத்து எழுதினேன். ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கவே இல்லை. காத்திருக்கும் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து நச்சரிக்க, மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாகப் பணம் கட்ட, தளம் மூச்சு முட்டிப்போகிறது. செலின் மூன்று வருஷமாகத் தினமும் பத்து நிமிடம் முன்பு போய், பாதியில் விட்டுப் போனவர்களின் செத்த பூட்டுகளைக் கண்ணால் பார்த்துப் பிரித்து அணைத்து, கூடுதல் சர்வர் போட்டு அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். நான் பார்த்த விக்கல், அவர் பிடித்தும் மிஞ்சிய சொச்சம்.

நான் எழுதிய அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் குறை இருந்திருக்கலாம்.

தளம் படுத்த குழப்பத்தில் மூன்று மண்டபங்கள் தலா இரண்டு குடும்பங்களுக்குப் போய்விட்டன. வீரமலையின் மண்டபமும் அதில் ஒன்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சின்னக் குறை இல்லை.

கீழ்த்தளத்திலிருந்து எங்களுக்கு வந்த மூன்று வருஷத்துக்கு முந்தைய கோரிக்கைகளைத் தேடினேன். செலின் அனுப்பியது இருந்தது. 'வாடிக்கையாளர்கள் ராகு காலம் முடியும்வரை பணம் கட்டும் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். அவ்வளவு நேரம் தாங்குமாறு மாற்ற முடியுமா?' அதற்குக் கீழே ஒரே வரியில் பதில்: 'மூடநம்பிக்கைக்குக் கோடு எழுத முடியாது.' மூடியவர் நான். கோரிக்கை வந்த தேதி அந்த எலுமிச்சம்பழ மீட்டிங்குக்கு மறுநாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

ஆகஸ்ட் 20, புதன்

சாரிடம் சொல்லப் போனேன். கதவு வரை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலிருந்து அந்த ஆறு குடும்பங்களோடும் போனில் பேசினேன். செலின் கேட்கவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன். இரண்டு குடும்பங்கள் வேறு மண்டபத்துக்கு ஒத்துக்கொண்டன. ஒரு வீட்டில் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு, பிறகு அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். வீரமலைக்கு அவர் மண்டபம் கிடைத்தது. "நல்லா இரும்மா" என்றார். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் செலின் என் மேசைக்கு வந்தார். அறிக்கையைச் சாரிடம் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

"எனக்காகக் கேக்கல மேடம். அந்த ரெண்டு பேருக்கும் வீட்டு வாடகை, புள்ளைங்க படிப்புன்னு இருக்கு. முன்னாடியே சொல்லிட்டா வேற எடம் பாத்துக்குவாங்க."

"அந்த மீட்டிங்ல சிரிச்சது நான்தான். கோரிக்கைய மூடுனதும் நான்தான்."

"தெரியும்."

"முதல் நாளே தெரியுமா?"

"மூணு வருஷமாத் தெரியும் மேடம். நீங்க மூடுனதுக்கப்புறம் நானும் மேல வந்து கேட்டிருக்கணும். ரோஷம். நம்மளே பாத்துக்குவோம்னு இருந்துட்டேன். தளம் நின்னுச்சு, ஒங்களுக்கும் தெரியாமப் போச்சு."

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். காரணம்: பக்கத்தை எழுதியது, கோரிக்கையை மூடியது, திங்கட்கிழமை செலினின் கையைக் கட்டிப்போட்டது.

கோதண்டம் சார் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஒனக்கு ராகு காலம் தெரியாதா? நான் முப்பது வருஷம் மண்டபம் நடத்துனவன். திங்கக்கிழமைன்னா ஒம்பது மணிக்கு முன்னாடி ஒருத்தன் அட்வான்ஸ் நீட்ட மாட்டானே!"

"நீங்க ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

"கம்ப்யூட்டருக்கு என்ன ராகு காலம்னு நெனச்சேன்" என்றார் சற்றே வழிந்துகொண்டு.

ஆனால் ஒப்பந்தத்தைக் கிழித்துவிடவில்லை. "நீ இப்ப செலினைக் காப்பாத்தப் பேசுறியா, உண்மையப் பேசுறியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வியாழக்கிழமை தை மாச முகூர்த்தத்துக்குப் பதிவு தொறக்கிறோம். வருஷத்துல பெரிய கூட்டம் அன்னிக்குத்தான். பக்கத்தச் சரிபண்ணு. செலின் கை வைக்காம நிக்கணும். நின்னா நீ சொல்றது சரி. படுத்துச்சுன்னா கையெழுத்துதான்."

மறுபடியும் அதே சோதனை. இந்தமுறை நான் வைத்ததில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வேலை. செலினும் நானும் ஒரே மேசையில். ஆடும் நாற்காலியை அவர் எடுத்துக்கொண்டார்.

எத்தனை விஷயம் சொல்கிறார்! காத்திருக்கும்போது பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறப்பார்களாம். ஒரே வீட்டில் அப்பா, மாமா, அத்தை என்று மூன்று போனில் ஒரே மண்டபத்தை எடுத்து வைப்பார்களாம். இதெல்லாம் மூன்று வருஷமாக இவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் கேள்வி மேல் கேள்வி கேட்டதில் அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார். நானும்தான்.

புதுப் பக்கம் நச்சரிக்காது. மண்டபத்தை எடுத்து வைத்ததும், எப்போது கட்டுவீர்கள் என்று கேட்கும். 'ராகு காலம் முடிந்ததும்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மண்டபம் உங்களுக்குத்தான் என்று உறுதி சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும். நேரம் ஆனதும் இருபது இருபது பேராக உள்ளே விடும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அஞ்சு நிமிஷம் சிரித்தார். "எம் பொண்ணு ராகு காலத்துக்குப் பொத்தான் வச்சிருக்கா!" நம்புகிறது நானில்லை, பணம் கட்டுகிறவர்கள் என்றேன். "அப்ப சரி. அவங்களக் காக்க வைக்காத" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புதுப் பக்கத்தை ஏற்றியாயிற்று. ஏற்றியது நான். இதுவரை எழுதிக் கீழே எறிவதோடு என் வேலை முடிந்துவிடும்.

செலின் டிராயரிலிருந்து அவசர போனை எடுத்து என் கையில் வைத்தார். "ஒங்க புதுப் பக்கம் நல்லா நிக்கிற வரைக்கும் இது ஒங்ககிட்ட. அடிச்சா நீங்கதான் எடுக்கணும், வெயினி."

மேடம் போய்விட்டது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க எங்க போறீங்க?"

"நான் கை வைக்கக் கூடாதுன்னா இங்க உக்காந்து என்ன செய்றது? வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன். வெள்ளிக்கிழமை கொடியேத்தம். மூணு வருஷமாப் போகல. திருவிழா எப்பவும் ஆவணியிலதான வருது."

போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏதாவது ஆனால் கூப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன்.

"கூப்பிடுங்க. ஆனா என் பாஸ்வேர்டைத்தான் சார் மறுபடி நிறுத்திட்டாரே."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாலரை தாண்டியது. விக்கல் இல்லை. ஆனால் இது வெறும் செவ்வாய்க்கிழமை.

இனி புதிதாக எதை ஏற்றினாலும், எழுதியவர் முதல் வாரம் கீழே உட்கார வேண்டும் என்று மேலே போய்ச் சொன்னேன். ரியாஸ் அலறினான். வியாழக்கிழமையிலிருந்து அவன் முறை.

செலினிடமிருந்து போன் இல்லை. தஞ்சாவூர் தாண்டியிருப்பார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தை மாதத்து முகூர்த்த நாட்கள் அத்தனைக்குமான பதிவைப் பகல் ஒரு மணிக்குத் திறந்தோம். முந்திக்கொண்ட சிலர் உடனே பணம் கட்டிவிட்டார்கள். ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பித்தது. அதன் பிறகு இரண்டு மணிக்குள் எழுநூறு பேர் மண்டபத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். இரண்டரைக்கு ஆயிரத்து நூறு. அத்தனை பேரும் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். கீழ்த்தளத்து இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும், ரியாஸ் பின்னால்.

இரண்டு ஐம்பதுக்கு என் கை கீபோர்டுக்குப் போனது. செலினின் கை அன்றைக்கு ஏன் போனது என்று அப்போதுதான் நன்றாகப் புரிந்தது.

மூன்று மணி. கிராஃப் ஏறியது. இருபது பேர், இருபது பேர், இருபது பேர். மூன்று ஐந்துக்குத் தளம் கொஞ்சம் திணறியது. ரியாஸ் என் நாற்காலியை இறுக்கிப் பிடித்தான். பிறகு நிமிர்ந்தது. மூன்று இருபத்தைந்துக்கு ஆயிரத்து நூறு குடும்பங்களும் பணம் கட்டி முடித்திருந்தார்கள். ஒரு மண்டபம்கூட இரண்டு வீட்டுக்குப் போகவில்லை.

கோதண்டம் சார் கீழே இறங்கி வந்து திரையைப் பார்த்தார். ஒப்பந்தத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "செலினுக்குச் சொல்லிடு. பாவம், அங்க தவிச்சுக்கிட்டிருக்கும்" என்றார்.

உடனே கூப்பிட்டேன். நாலைந்து முறை அடித்தபிறகு ஓர் ஆண் குரல், மெதுவாக.

"அலோ. செலின் வீட்டுக்காரர் பெலிக்ஸ் பேசுறேங்க. திருவாரூர் தாண்டி, நடந்து போறவங்க தங்குற பந்தல்ல இருக்கோம். அவ தூங்குறா."

"தூங்குறாங்களா? எப்பலேர்ந்து?"

"ரெண்டு மணிக்கே படுத்துட்டா. மூணு மணிக்கு எழுப்பட்டுமா, ஆபீஸ்ல என்னமோ இருக்குன்னியேன்னு கேட்டேன். அங்க வெயினி இருக்காங்க, நீ சும்மா இருன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டா. அவசரம்னா எழுப்பவாங்க?"

"வேணாங்க" என்றேன். "தூங்கட்டும்."